நர்ஸ் படிப்புக்கு வாங்கிய கடனும் நமக்கு யாரும் சொல்லாத உதவிகளும்

2019 மார்ச் மாதம். காலை ஆறேமுக்கால் மணி இருக்கும். அம்மா முள்ளக்காட்டு உப்பளத்தில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைத் திறக்க விடாது. அப்போதுதான் போன் வந்திருக்கிறது. பேசியவன் பெயர் சொல்லவில்லை, வங்கியிலிருந்து பேசுவதாக மட்டும் சொன்னான்.

"மகள நர்ஸுக்குப் படிக்க வச்சீங்கல்லா? கடன கட்ட வக்கில்லையா? சாயங்காலம் தெருவுக்கு வாரோம்."

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். பக்கத்துப் பாத்தியில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது.

உடனே என்னைக் கூப்பிட்டாள். "எம்மா, தெருவுக்கு வாரானாம். நாம யார்ட்டயும் இப்பிடி ஏச்சு வாங்குனது கெடையாதே" என்றாள். அன்று அவள் பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். பாதி நாள் கூலி போனது.

நான் சமூகவியலில் எம்.ஏ. படித்தவள். சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஊர் ஊராகப் போய் மனு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் என் சொந்தத் தங்கச்சிக்கு எழுதியிருக்க வேண்டிய மனுக்களை நான் எழுதவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

*

தங்கச்சி 2012 ஆகஸ்டில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்.சி. நர்சிங் சேர்ந்தாள். வருடத்துக்கு எண்பதாயிரம் ரூபாய், நாலு வருடம். அப்பா துறைமுகத்தில் லோடு ஏற்றி இறக்கும் வேலை. அம்மாவுக்கு உப்பளம். மழை தொடங்கிவிட்டால் உப்பளமும் கிடையாது.

நாங்கள் பறையர். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவத்துக்குப் போன தலித்தைப் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்மையும் முஸ்லிமாக மாறியவர்களையும் இன்றுவரை வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் சான்றிதழில் பி.சி. என்றிருக்கும். தெருவில் நாங்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்டோம். சான்றிதழைப் பார்த்தார்கள். "கிறிஸ்டியன், பி.சி. உங்களுக்கு வராது. பேங்க் லோன் போட்டுக்கோங்க" என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

அவள் சேர்ந்த அடுத்த மாதம், 11.09.2012 அன்று, தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போட்டது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசாணை எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிற ஆணை அது. அதில் 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. வருமான வரம்பு அப்போது இரண்டு லட்சம். எங்கள் வீட்டு வருமானம் அதன் பக்கத்திலேயே வராது.

நாலு வருடமும் அவள் அந்தக் கல்லூரியில்தான் இருந்தாள். ஒருவரும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எனக்கும் அந்த அரசாணை தெரிந்தது அவள் படித்து முடித்த பிறகுதான், வேறு ஒரு பையனுக்கு மனு எழுதும்போது.

அதாவது அந்தக் கடனே இருந்திருக்கக் கூடாது.

*

சரி, கடன் வாங்கியாயிற்று. அங்கேயாவது கிடைக்க வேண்டியது கிடைத்ததா?

நாலு லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணையோ வெளியாள் ஜாமீனோ கேட்கக்கூடாது என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். எங்களிடம் வீட்டுப் பட்டா கேட்டார்கள். அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவரின் ஜாமீனும் கேட்டார்கள். வாத்தியார் வேலை பார்த்த மாமா ஒருவரின் காலைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினோம். அப்போது அதைப் பெரிய உதவியாக நினைத்தோம். கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்தது வட்டி மானியம். 2009-10 கல்வியாண்டிலிருந்து ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் ஏறும் வட்டியை அரசே கட்டும். எந்தச் சாதி, எந்த மதம் என்கிற கேள்வியே அதில் கிடையாது. வருமானச் சான்றிதழைக் கொடுத்தால் வங்கி அதை வாங்கி மானியத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் தாசில்தார் அலுவலகத்தில் மூன்று நாள் நின்று வாங்கிய சான்றிதழை, கடன் விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தோம்.

2019இல் அந்தப் போன் வந்த பிறகுதான் நான் கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மானியம் என்று ஒரு வரவுகூட இல்லை. பன்னிரண்டு சதவீத வட்டி ஓடியிருக்கிறது. கையில் வாங்கியது 3,20,000. அதன்மேல் ஏறியிருந்த வட்டி 1,34,400. ஆகக் கடன் 4,54,400. பத்து வருடத் தவணையாகப் போட்டால் மாதம் ஏறக்குறைய 6,500 ரூபாய். மானியம் வந்திருந்தால் 4,600தான்.

அந்த 1,900 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அப்போது தங்கச்சிக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சம்பளம் 9,500.

பதினோரு மாதம் கட்டினாள். மீதி மூவாயிரத்தில் ஹாஸ்டலும் சாப்பாடும். குறைந்தபோதெல்லாம் அம்மா கூலியிலிருந்து போட்டாள். 2018 கடைசியில் மழை வந்தது, உப்பளம் நின்றது, அப்பாவுக்கும் முடியாமல் போனது. மூன்று தவணை நின்றது. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். அதன் பிறகுதான் பாத்திக்குப் போன் வந்தது.

*

நர்ஸ் சம்பளம் இவ்வளவுதான் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்களின் நிலைமையைப் பார்க்க நிபுணர் குழு அமைக்கச் சொல்லி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் சம்பளம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் தெருவில் இறங்கினார்கள். 2018இல் இருபதாயிரம் அங்கே அரசு அறிவிக்கையாகவே வந்தது. இங்கே? தமிழ்நாடு அரசே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2015இல் கொடுத்த தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அதை எதிர்த்து அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஓடு நிறுத்தினார்கள்.

ரத்தம், சளி, மலம் தொடுகிற வேலை என்று மற்ற வீடுகள் ஒதுங்கிய காலத்தில் இந்த வேலைக்குப் போனவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். இன்றும் நம் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைக்கு முதலில் சொல்லப்படும் படிப்பு நர்சிங்தான். கடன் வாங்கிப் படி, பாதிச் சம்பளத்துக்கு வேலை செய், வட்டியோடு திருப்பிக் கட்டு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நம் மருத்துவமனைகள் நடப்பதற்கான செலவில் ஒரு பங்கை உப்பள அம்மாக்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

*

கடனைத் திருப்பிக் கட்ட அரசு உதவுவது நடக்காத கதையா? பக்கத்து மாநிலத்தில் நடந்தது. 2017இல் கேரள அரசு 900 கோடி ரூபாயில் கல்விக்கடன் திருப்பிச் செலுத்தும் உதவித் திட்டம் கொண்டுவந்தது. தவணை தவறாத கடன் என்றால் முதல் வருடம் தவணையில் 90 சதவீதம் அரசு கட்டும். இரண்டாம் வருடம் 75, மூன்றாம் வருடம் 50, நாலாம் வருடம் 25. வேலைக்குப் போன பிள்ளை காலூன்ற நாலு வருடம் கிடைக்கிறது. 2016 மார்ச்சுக்குள் வாராக்கடன் ஆகிவிட்ட, நாலு லட்சம் வரையிலான கடன்களுக்கும் 60 சதவீதம் அரசு தந்தது. தூத்துக்குடியில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் திருவனந்தபுரம். அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்ததால் தங்கச்சிக்கு அது இல்லை.

அமெரிக்காவில் நர்ஸ்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. நர்ஸ் கார்ப்ஸ் என்று பெயர். ஆள் பற்றாக்குறையான மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் மீதமுள்ள படிப்புக் கடனில் 60 சதவீதத்தை அரசு அடைக்கும். மூன்றாவது வருடமும் இருந்தால் இன்னும் 25 சதவீதம். எல்லாவற்றையும் சந்தைக்கு விட்ட நாடுகூட, நர்ஸ் வேண்டுமென்றால் நர்ஸின் கடனைப் பார்க்க வேண்டும் என்று புரிந்துவைத்திருக்கிறது.

இங்கே தேர்தல் அறிக்கைகளில் கல்விக்கடன் தள்ளுபடி வரும், போகும். தள்ளுபடி என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, ஏதோ பிச்சை போடுவதுபோல. நமக்கு வேண்டியது கணக்கு. இத்தனை வருடம் இந்த மாவட்டத்தில் நோயாளிகளைப் பார்த்தாள், அதற்கு இத்தனை தவணை கழியும் என்கிற கணக்கு.

இந்த இடத்தில் எனக்கு அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா போனார். படித்து முடித்துப் பத்து வருடம் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் போனார். தங்க இடம் கொடுக்கவில்லை. பியூன்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேஜையில் வீசினார்கள். பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். வேலையை விட்டார். பிறகு பரோடா நிர்வாகம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. உழைத்துக் கழிக்க வந்தவனை உழைக்க விடாமல் விரட்டிவிட்டு, கடன் என்று கேட்டார்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் சாதி பார்க்கிற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

*

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோரம்பள்ளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுத்தோம். வங்கிக்கு எழுதினோம், மேலிடத்துக்கும் எழுதினோம். சான்றிதழ் கொடுத்ததற்கான ரசீது கேட்டார்கள். ரசீது யார் வாங்கினோம்? மானியத்துக்கு அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் 2022இல் லோக் அதாலத்தில் 3,10,000 ரூபாய்க்கு முடித்தோம். மகளிர் குழுக் கடன், அம்மாவின் கம்மல், தங்கச்சி வெளிநாட்டு ஏஜெண்டுக்காகச் சேர்த்துவைத்திருந்த பணம் எல்லாம் அதில் போனது. முன்பு கட்டியதையும் சேர்த்தால் 3,81,500. ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க வேண்டாத கடனுக்கு.

இதில் இன்னொரு வலி. இப்படிச் சமரசத்தில் முடித்த கடனை சிபிலில் 'செட்டில்டு' என்று குறிப்பார்கள், முழுதாகக் கட்டி முடித்த கணக்காக அது காட்டாது. அடுத்த கடன் கேட்டுப் போனால் அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும். இதையும் யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தங்கச்சி இப்போது சவூதியில் இருக்கிறாள்.

அதனால் தோழர்களே, உங்கள் வீட்டில் நர்சிங் படிக்கிற பிள்ளை இருந்தால் இதையெல்லாம் இன்றே பாருங்கள்.

ஸ்காலர்ஷிப் வராது என்று கல்லூரி சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிப்பார்கள். மதம் மாறியவர் என்றாலும் மாநில அரசின் உதவி உண்டு. கடன் வாங்கியிருந்தால் வருமானச் சான்றிதழைக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கிவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை வாங்கி, மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் வட்டி மானியம் கிடைக்காது. வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. போன் வந்த தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

இவ்வளவையும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டால், கூடாது. தெரிந்த அதிகாரி ஓடி வந்து சொல்ல வேண்டும். அவர் ஓடி வரும்வரை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். கூடவே, கேரளாவைப் போல ஒரு திட்டம் இங்கேயும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பெண் நர்சிங் சேர்ந்தாள். மிட்டாய் கொடுக்க வீட்டுக்கு வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டாச்சா? ரசீது வாங்குனியா?"