மலையேறும் ரோஜா

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குச் செல்லும் மலை ரயில் 46 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. ஆனால் அந்தச் சிறு தூரத்துக்குள் சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு நம்மைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. 1908-ல் உதகையை எட்டிய அந்த இருப்புப் பாதையில் பிரயாணம் செய்வோர் மலைச்சரிவுகளையும் குகைகளையும் கண்டு களிப்பது வழக்கம். ரோஜாவில் பிரியமுள்ளவர்களுக்கோ இன்னொரு விநோதமும் உண்டு. அடிவாரத்தில் அச்செடியை அதிகம் வாட்டும் வியாதி வேறு; உச்சியில் வாட்டுவது வேறு.

பங்குனி, சித்திரை மாதங்களின் வறண்ட வெயிலில், அடிவாரத்துச் செடியின் இலை பளபளப்பு இழந்து, ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகளுடன் காணப்பட்டால், அந்த இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெல்லிய நூலாம்படையும், அதில் ஊரும் தூசி போன்ற உயிர்களும் தென்படும். அவையே சிவப்புச் சிலந்திகள். எட்டுக் கால் கொண்ட இவை பூச்சியினத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே பூச்சி மருந்துகள் பலவற்றுக்கு இவை மசிவதில்லை. இவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் மருந்தினால் மாண்டுபோக, சிலந்திகள் முன்னிலும் அதிகமாகப் பெருகுவதும் உண்டு. காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே முதல் வைத்தியம்.

செடியில் எறும்புகள் சாரிசாரியாக ஏறினால், தளிரையும் மொக்கையும் சோதித்துப் பாருங்கள். அங்கே சாற்றை உறிஞ்சும் அசுவினிக் கூட்டம் இருக்கும். அது வெளிவிடும் இனிப்பு நீரை நாடியே எறும்புகள் வருகின்றன. சிறிதளவானால் விரலால் நசுக்கிவிடலாம். பொறிவண்டுகள் இருந்தால் அந்த வேலையை அவையே செய்யும். மிகுந்துவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம்.

குன்னூரைத் தாண்டினால் குளிரும் மூடுபனியும் எதிர்கொள்கின்றன. உதகையில் எல்க் மலைச்சரிவில், நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-ல் அமைந்த அரசு ரோஜாப் பூங்கா படிப்படியாக விரிந்து கிடக்கிறது. 2006-ல் உலக ரோஜாச் சங்கங்களின் சம்மேளனம் அதற்குச் சிறப்பு விருது அளித்தது. அத்தகைய ஈரச் சீமையில் ரோஜாவின் பகைவர் பூஞ்சைகளே.

இலையின் மேற்புறத்தில் ஓரம் பிசிறடித்த கரிய வட்டங்கள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளித்து இலை உதிர்ந்தால், அது கரும்புள்ளி நோய். இலை பல மணி நேரம் நனைந்தே இருந்தால்தான் இப்பூஞ்சை வேரூன்றும். ஆகையால் நீரை அடியில் மட்டும் ஊற்றி, நெருங்கிய கிளைகளைக் கழித்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். தளிரும் மொக்கும் மாவு தூவினாற்போல் வெளுத்துச் சுருண்டால், அது சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டிய அவசியமே இல்லை. குளிர்ந்த ஈரக்காற்றே போதும். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளித்தால் கட்டுப்படும். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலையே கருகிவிடும். வேப்பெண்ணெய் தெளித்த சமீபத்திலும் அது கூடாது.

உதகையில் நாற்று வாங்கி, சமவெளிக்குக் கொண்டு வருகிறவர்கள் அநேகர். இலை வாடியதும் அவர்களிற் பலர் கடைக்கு ஓடி, கிடைத்த விஷத்தை வாங்கி வந்து தெளிக்கின்றனர். சிலந்திக்குப் பூஞ்சை மருந்தும், பூஞ்சைக்குப் பூச்சி மருந்தும் என்ன பயன் தரும்? பொறிவண்டு சாகிறது, வியாதியோ இருந்தபடியே இருக்கிறது. ஸ்வாமிக்குச் சாத்துவதும், குழந்தையின் கூந்தலில் சூட்டுவதும், குல்கந்தாக நாம் உண்பதும் ரோஜா மலர் அல்லவா? அதன்மேல் எதைத் தெளிக்கிறோம் என்ற கவலை நமக்கு வேண்டாமா?

ஆதலால், வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் செடியருகே நின்று, தளிரையும் தண்டையும் இலையின் இரு புறங்களையும் கவனியுங்கள். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மருந்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கத்தரிக்கோலுமே போதுமானதாயிருக்கும்.