பெரியம்மா கேட்ட கேள்வி

"மாரைத்தான் எடுத்துட்டாங்களே ராசா, அப்புறம் எப்படி அது இடுப்பெலும்புக்குப் போச்சு?"

பெரியம்மா இப்படிக் கேட்டபோது, விலங்கியல் பயிலும் நான் விழித்தேன். அவருக்கு வந்தது திரண்ட கட்டிகூட அன்று. மார்பு சற்றே தடித்திருந்தது, அவ்வளவுதான். பரிசோதனைத் தாளில் 'இ-கேட்ஹெரின் இல்லை' என்றொரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக நூலகத்தில் பல மாலைகள் கழிந்தன.

நம் தோலிலும் குடலிலும் பால்சுரப்பியிலும் உயிரணுக்கள் தனித்தனியே கிடப்பதில்லை. ஒவ்வோர் அணுவும் தன் சவ்வின் வழியே புரதக் கைகளை நீட்டி, அண்டை அணுவின் அதே வகைக் கைகளைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கையே கேட்ஹெரின். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இருந்தால்தான் அப்பிடிக்கு வலு. இத்தகைய பிடிப்பு உண்டென்று 1977-ல் எடுத்துக்காட்டியவர் ஜப்பானிய அறிஞர் டாக்கெய்ச்சி.

"வெத்திலைக்கும் சுண்ணாம்பு, உடம்புக்கும் சுண்ணாம்பா?" என்று சிரித்தார் பெரியம்மா. இதுதான் சாக்கென்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தவரிடம், குறைந்தது சுண்ணாம்பு அன்று, பற்றும் கையே என்று விளக்க வேண்டியதாயிற்று. (பாக்கை நான் ஒளித்து வைத்தது தனிக்கதை.) கையில்லாத அணுக்கள் கட்டியாகத் திரளாமல், எறும்புச் சாரைபோல ஒற்றை வரிசையில் திசுக்களுக்குள் நுழைந்துவிடுகின்றன.

நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலர் இரைப்பைப் புற்றுநோயால் மாண்டனர். இதே புரதத்துக்கான மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்று 1998-ல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் கில்ஃபோர்ட் குழுவினர் கண்டனர். இன்று அப்பிழையைச் சுமப்போர் பலர், நோய் தலைகாட்டுமுன்பே இரைப்பையை அகற்றிக்கொள்கின்றனர். எத்தனை துணிவு வேண்டும்!

எனினும், பிடி விட்டால் பரவும் என்று கணக்கை முடித்துவிட முடியவில்லை. வேறு வகை மார்புப் புற்றில் இப்புரதத்தை நீக்கிய அணுக்கள் மிகுதியாக ஊடுருவினாலும், அவற்றுள் பெரும்பாலானவை புதிய இடத்தில் வேரூன்றாமல் மடிந்தன என்று 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் கண்டனர். அப்படியானால் பெரியம்மாவின் அணுக்கள் எதைப் பற்றிக்கொண்டு பிழைத்தன? என் பாடநூலில் விடையில்லை.

அறுவைக்கு முன்பே சில அணுக்கள் பிரிந்து போய் எலும்பில் ஒளிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை.

"ஆபரேசன் முடிஞ்ச மாசமே தண்ணிக் குடம் தூக்கினேன் ராசா. அதனாலதான் வந்துச்சோன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.