மூன்றாம் தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய்

டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் 1.5 லட்சத்தைத் தாண்டிவிட்டன. “இனிமே பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று மருத்துவர் சொன்னதும் எல்லோர் முகத்திலும் தெளிச்சி வந்தது. போனில் விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் அந்த எண்ணைத்தான் சொல்கிறார். எண் ஏறிவிட்டது, அதனால் உடம்பும் தேறிவிட்டது என்பது வீட்டின் கணக்கு.

எனக்கோ தலை பின்ன முடியவில்லை. கையை உயர்த்திப் பாதிப் பின்னல் வருவதற்குள் தோள் இற்றுவிழுகிறது. குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் அலுப்பு எனக்கு இருபது வருடப் பழக்கம். ஒரு காப்பி, கொஞ்சநேரம் கால் நீட்டல், அதோடு இறங்கிவிடும். இது அந்த வகை இல்லை. தூங்கினாலும் போகவில்லை, விழிக்கும்போது கூடவே விழிக்கிறது.

வியாழன்

டெங்குவில் காய்ச்சல் விடுவது நோய் விடுவது ஆகாது என்று வார்டில் ஒரு சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு தணியும்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் கண்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓடிவரச் சொன்னார். இந்தப் பாடத்தை நம் ஊர்கள் ஒருவாறு கற்றுக்கொண்டுவிட்டன.

அதற்கு அடுத்த பாடம்தான் பாக்கி. கசிந்த நீர் திரும்ப ரத்தத்தில் சேரும் நாட்களில் நாடி மெதுவாகத் துடிக்கும், உள்ளங்கை உள்ளங்கால் அரிக்கும், பசி திரும்பும். அசதி மட்டும் வாரக்கணக்கில் தங்கக்கூடும். கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான், சைட்டோகைன் முதலியவை மூளையையும் தொடுகின்றன. படு, அசையாதே, யாரோடும் பேசாதே என்பதே அவை கொண்டுபோகும் சேதி. எனவே இந்தச் சோர்வு மனத் தளர்ச்சியால் வருவதில்லை. காய்ச்சலைப் போலவே இதுவும் நோயின் ஓர் அங்கம். போதாததற்கு, படுத்துக் கிடந்ததில் தசையும் கரைந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதில் தெம்பு வரவில்லை. ஆனால் என் மேலேயே இருந்த எரிச்சல் குறைந்தது.

ஞாயிறு

எதிர்வீட்டு மதினி வந்தார். “படுத்தே கிடந்தா படுக்கைதான் மிச்சம். எந்திரிச்சு நடமாடு, தன்னால சரியாப்போகும்.” அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “அவளுக்கு இன்னும் மூணாந் தண்ணி ஊத்தலம்மா. அதுவரைக்கும் சும்மா இருக்கட்டும்.”

அம்மை கண்ட வீட்டின் பேச்சு அது. அத்தை டெங்குவுக்கும் அதையே எடுத்துக்கொண்டுவிட்டார். மதினி போன பிறகு நெடுநேரம் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மை வார்த்த வீட்டில் நிலைப்படியில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார். உள்ளே இருப்பவரை எவரும் வேலை ஏவமாட்டார்கள். அடுப்பில் தாளிதம் கிடையாது. கொப்புளம் அடங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேறிய தண்ணீரை முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று நாள் விட்டு ஊற்றுவார்கள். மூன்றாவது ஊற்றிய பிறகே அந்த ஆள் ஊர்க்கணக்கில் மறுபடி சேர்வார். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது அம்மா என்னைப் பாடப் புத்தகத்தைக்கூடத் தொட விடவில்லை.

அந்த வழக்கத்தில் எனக்கு ஒவ்வாததும் உண்டு. மருந்து கொடுத்தால் தெய்வக் குற்றம் என்று மருத்துவரை வாசலோடு நிறுத்தி, போகக்கூடாத உயிர்களைப் போகவிட்ட வீடுகள் இருந்தன. அதை எந்த நாளும் நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அதற்குள் ஓர் அரிய ஏற்பாடு இருந்தது. நோய் இறங்கிய நாளுக்கும் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்று வீடே ஒப்புக்கொண்டிருந்தது. மருமகள்கூட அந்த இடைவெளியில் விறகு எடுக்க வேண்டியதில்லை. அவள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, நடிக்கிறாள் என்ற பேச்சும் எழாது. டெங்குவுக்கு அப்படியொரு மூன்றாம் தண்ணீர் இல்லை. ஆய்வகத் தாளில் எண் சரியாக இருந்தால் நாளைக் காலை உலை வைக்க வேண்டியதுதான்.

புதன்

இன்று மடியில் தலையணை வைத்து அரை மணி நேரம் வாசிக்க முடிந்தது. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நடந்ததைப் பற்றி. நர்சுகள், மருத்துவர்கள், ஊழியர்கள் என்று ஏறக்குறைய 300 பேர் ஒருவர் பின் ஒருவராக விழுந்திருக்கிறார்கள். மருத்துவமனையையே சில மாதம் மூட வேண்டியதாயிற்று. பலருக்குக் காய்ச்சல் போனது, தளர்ச்சி போகவில்லை. காரணமான கிருமி அகப்படவில்லை. 1970-இல் மெக்எவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிவிட்டு இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். படுத்தவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்களுக்கு ஒரு சான்றாயிற்று. வாசிக்கும்போது கை நடுங்கியது. அது அசதியினால் மட்டும் இல்லை.

மாறாக ஆஸ்திரேலியாவின் டப்போவில் ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. கிருமி நோய் கண்ட 253 பேரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிலருக்கு ராஸ் ரிவர் வைரஸ். சிக்குன்குனியாவின் பங்காளி, அதுவும் கொசு கொண்டுவருவது. ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதத்தினருக்குச் சோர்வு தீரவில்லை. யாருக்கு நீடிக்கும் என்பதை முன்னறிவித்தது அவர்களுடைய மனநிலை இல்லை, முதலில் வந்த நோயின் கடுமை. 2006-இல் வெளியான முடிவு இது.

மற்ற 88 சதவீதத்தைத்தான் அத்தையிடம் சொன்னேன். “அப்ப நீ தேறிருவே” என்றார், கஞ்சியில் நெய் விட்டபடி.

வெள்ளி

நானாகக் கண்டுபிடித்ததும் பிறர் சொல்லிக் கேட்டதும்: குளியலறையில் முக்காலி. நின்று குளிப்பதை விட்டதில் காலைப்பொழுது பாதி மிச்சமாகிறது. காய் நறுக்குவது தரையிலோ மேசையிலோ உட்கார்ந்து. ஒரு வேலையை முடிக்கும்வரை செய்யாமல், இன்னும் கொஞ்சம் முடியும் என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்துவது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம்; முடித்துவிட்டு உட்காரு என்றே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஓய்வென்றால் போனும் இல்லாத ஓய்வு. உப்புப் போட்ட மோர், முட்டை, பருப்பு.

நடை நல்லதுதான். வாசல்வரை போய் வந்தும் மறுநாள் உடம்பு அப்படியே இருந்தால் நாலு எட்டு கூட்டலாம். இந்தச் சோர்வு கூலியை மறுநாள்தான் கேட்கும். சில சமயம் அதற்கும் மறுநாள். அப்படிக் கேட்டால் நடையைக் குறைக்க வேண்டும். நீடித்த சோர்வு நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை கூடாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் தன் பழைய அறிவுரையையே மாற்றிக்கொண்டது. மதினிக்கு இதைச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோ, மயக்கமோ, மூச்சு முட்டலோ, மறுபடி காய்ச்சலோ வந்தால் இதெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும்.

கார்த்திகை, திங்கள்

பூக்கார அக்கா வந்தது. எனக்கு வந்த அதே வாரத்தில் அதற்கும் டெங்கு. ஊசி கழற்றிய மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிவிட்டதாம். விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து, கட்டி, தெருத்தெருவாக நடக்க வேண்டும். பனி இறங்கியதில் மல்லி வரத்து குறைந்து விலை எக்கச்சக்கம், பிச்சிதான் ஓடுகிறது.

“கட்டும்போதே விரல் மரத்துப்போகுது டீச்சர். நாலாவது தெருவுல அப்படியே குத்தவெச்சு உக்காந்துட்டேன். என்னமோ சோம்பேறித்தனம் புடிச்சிருச்சு.”

“சோம்பேறித்தனம் இல்லக்கா, நோவு இன்னும் தீரல” என்றேன். அது சிரித்தது. “தீரலைன்னா மட்டும் என்ன டீச்சர், வட்டிக்காரன் தவணை தள்ளிப்போடுவானா?”

எனக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. ஆலையில் இருந்தால் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டப்படி நோய் நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, ஆண்டுக்கு 91 நாள்வரை. கூடை சுமப்பவருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. முக்காலியில் உட்கார்ந்து குளி, முடியும்போதே நிறுத்து என்று நான் வெள்ளிக்கிழமை எழுதிய எதையும் அக்காவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இடையில் நிறுத்தினால் பூ வாடிப்போகும். அறிவுரை அக்காவுக்குத் தேவையில்லை. சும்மா இருக்க நாட்கள் வேண்டும். அந்த நாட்களுக்குச் சோறு வேண்டும்.

வியாழன்

ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கியாயிற்று. தாளில் நான் முழு நலம். தலைமையாசிரியரிடம் போனில் பேசினேன்: கொஞ்ச நாளைக்கு மாடி வகுப்பு வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன், கடைசிப் பாடவேளையை மாற்றித் தாருங்கள். தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்காமல் சரி என்றார்.

தெருவில் வழக்கமாகப் பூ வாங்கும் வீடுகளில் சிலர் சேர்ந்து மாதக் காசை அக்காவிடம் முன்கூட்டியே கொடுத்திருக்கிறோம். பூ இப்போதைக்கு வேண்டாம், வரும்போது வரட்டும். மதினிதான் முதலில் எடுத்துக் கொடுத்தார். வட்டிக்கு அது பாதிதான் காணும். மீதிக்கு அடுத்த தெருவில் கேட்க வேண்டும். நான் அவ்வளவு தூரம் இன்னும் நடப்பதில்லை என்பதால் நாளை அத்தையும் மதினியும் போகிறார்கள்.