பெட்டிக்குள்ள போகுது பைக்கு!

‘பைக்’னதும் புல்லட்டையும் பல்சரையும் தேடாதீங்க பாஸ். நான் சொல்றது ரோடு பைக். ஒல்லி டயர், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், எட்டொன்பது கிலோ எடை... ஆமா, சைக்கிள்தான்! ஆனா விலையைச் சொன்னா, ‘இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டியே வாங்கியிருக்கலாமே’ம்பாங்க வீட்டுல. ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசுல செகண்ட் ஹேண்டா வாங்கின என் சைக்கிளுக்கும் தினமும் இதே அர்ச்சனைதான்.

அப்படிப்பட்ட சொத்தை ஃப்ளைட்ல ஏத்தி வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா வயித்துல புளியைக் கரைக்குமா, கரைக்காதா?

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பறந்துடலாம். போன வருஷம் செமஸ்டர் லீவுல மூணு பேர், மூணு சைக்கிளோட கிளம்பினோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியா நுவரெலியா. தூரம் 75 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா சுமார் 500 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு 1,868 மீட்டருக்கு ஏறணும். ரெண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம், வழி கேட்டா தமிழ்லயே பதில்... வேறென்ன வேணும்? சைக்கிள் முழுசா போய்ச் சேரணும், அவ்ளோதான்!

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க ஏரியா சைக்கிள் கடை அண்ணன்கிட்ட, “அண்ணே, ‘உடையும் பொருள்’னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டிட்டா பத்திரமா போயிடுமா?”னு கேட்டேன். சிரிச்சார். “தம்பி, பெட்டியைத் தூக்கிப் போடறவருக்கு உன் சைக்கிள் மேல கோவம் ஒண்ணும் கிடையாது. அவருக்கு அவசரம். பெட்டி சாஞ்சு விழும். அது மேல நாலு சூட்கேஸ் விழும். விழுந்தாலும் தாங்கற மாதிரி கட்டு.”

மொத்த மேட்டரும் இதுக்குள்ள அடங்கிடுச்சு. அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்கும் சொல்றேன்.

பெட்டிக்குச் செலவே வேண்டாம். புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியைக் கடையில கேட்டா கிடைக்கும். ஏ.சி. பைப்புக்குச் சுத்துற கறுப்பு ஃபோம் குழாயை வாங்கி, நீளவாக்குல கீறி, ஃப்ரேமோட ஒவ்வொரு கம்பிக்கும் மாட்டுங்க. ரெண்டு சக்கரத்தையும் கழட்டுங்க. முன் ஃபோர்க்லயும் பின்பக்கமும் சக்கரம் உட்கார்ற இடத்துல ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகுங்க. இதுவும் புது சைக்கிளோட வர்றதுதான், கடையில சும்மா கிடக்கும். இது இல்லேன்னா பக்கவாட்டுல அழுத்தம் விழும்போது ஃபோர்க் நசுங்கும். டிஸ்க் பிரேக்னா ரெண்டு பேடுக்கும் நடுவுல மடிச்ச அட்டையாவது வைங்க. தெரியாம லீவர் அமுங்கினா பேடு ரெண்டும் ஒட்டிக்கும்.

பெடலைக் கழட்டும்போது ஒரு சூட்சுமம். வலது பெடல் வழக்கமான மரை. இடது பெடல் தலைகீழ் மரை, கடிகார முள் சுத்துற திசையிலதான் கழலும். சீட் எந்த உயரத்துல இருந்துச்சுன்னு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுட்டு இறக்குங்க. எல்லாம் முடிஞ்சதும் பெட்டியைக் குலுக்கிப் பாருங்க. உள்ளே ‘கடகட’ன்னா இன்னும் வேலை முடியலைன்னு அர்த்தம்!

அடுத்தது ரொம்ப முக்கியம். பின்சக்கரத்துக்கிட்ட தொங்கிக்கிட்டு கியர் மாத்துதே டெரெய்லர், அது ஃப்ரேமோட சேர்ற இடத்துல ‘ஹேங்கர்’னு ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும். அடிபட்டா ஃப்ரேம் உடையாம தான் வளையறதுக்குன்னே செஞ்ச பாகம் அது. அதனால டெரெய்லரைக் கழட்டி, பபிள் ராப் சுத்தி, ஃப்ரேமுக்கு உள்பக்கமா கட்டிடணும். எங்க மூணு பேர்ல ஒருத்தன் காஸ்ட்லியான பை வெச்சிருந்தான். ‘இதுக்கு மேல என்னடா பாதுகாப்பு’ன்னு டெரெய்லரை அப்படியே விட்டுட்டான். கொழும்புல இறங்கிப் பிரிச்சா ஹேங்கர் ரெண்டு துண்டு! மாடலுக்கு மாடல் வேற வேற ஹேங்கர். அவனோடது அங்கே நாங்க கேட்ட எந்தக் கடையிலயும் இல்லை. ஒரு வருஷமா காத்திருந்தவன், நுவரெலியாவுக்கு பஸ்ல வந்தான். ஜன்னல் வழியா எங்களுக்குக் கை காட்டினான் பாருங்க... எங்களுக்கும் தொண்டையை அடைச்சுது. ஸ்பேர் ஹேங்கர் ஒண்ணு பையில போட்டுக்கோங்க. தீப்பெட்டி அளவுதான்.

‘மேலே போனா டயர் வெடிக்கும்’னு ஒரு கதை சொல்வாங்க. ப்ளஸ் டூ பிசிக்ஸை ஞாபகப்படுத்துங்க. விமானத்துக்குள்ள அழுத்தம் 6,000 - 8,000 அடி உயரத்துல இருக்கற அளவுக்குத்தான் குறையும். வித்தியாசம் 3, 4 பி.எஸ்.ஐ. மட்டுமே. 90 பி.எஸ்.ஐ. டயருக்கு அது கொசுக்கடி! ஆனாலும் காத்தை இறக்கச் சொல்ற ஏர்லைன்ஸ் நிறைய. கவுன்ட்டர்ல பிசிக்ஸ் பேசாம பாதி இறக்கிடுங்க. மிச்ச காத்து ரிம்மைக் காப்பாத்தும்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே சைக்கிளுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை கிலோன்னு ஏர்லைன்ஸ்கிட்ட கேட்டுடுங்க. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினா பொதுவா வாங்கவே மாட்டாங்க. ஸ்பேனர், ஆலன் கீ எல்லாம் பெட்டிக்குள்ள. பவர் பேங்க் மட்டும் கைப்பையில. சி.ஓ.2 கார்ட்ரிட்ஜை வீட்டுலயே விட்டுட்டு, கைபம்பு எடுத்துக்கோங்க. பேக் பண்ணின கோலத்தை போட்டோ எடுத்து மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்க. செக்யூரிட்டியில பிரிச்சா, பார்த்துத் திருப்பி அடுக்க உதவும்.

இவ்வளவுக்கு அப்புறமும் அடிபட்டா? நம்ம பக்கம் சட்டம் இருக்கு. 1999-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்துல இந்தியா 2009-ல் சேர்ந்தது. லக்கேஜ் சேதமானா, பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும். 2024 டிசம்பர் 28-லிருந்து ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். ஐ.எம்.எஃப். வெச்சிருக்கற கணக்கு அது. நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல வரும். அதனால ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. சேதம்னா அங்கேயே கவுன்ட்டர்ல ரிப்போர்ட் எழுதி வாங்குங்க. செக்-இன்ல ஏதாவது டேக்ல கையெழுத்துக் கேட்டா படிச்சுட்டுப் போடுங்க. ‘பேக்கிங் சரியில்லை, சேதத்துக்குப் பொறுப்பில்லை’ன்னு அதுல இருக்கலாம். சைக்கிள் வாங்கின பில்லும், ஃப்ரேம் நம்பர் போட்டோவும் போன்ல இருக்கட்டும்.

ரெண்டு மூணு நாள் டிரிப்னா வாடகைக்குக் கிடைக்குதான்னு விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க. இல்லை, என் சைக்கிள்லதான் அந்த மலையை ஏறுவேன்னு அடம்பிடிக்கிற ஆளா? அப்ப டிக்கெட்டுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில உட்கார்ந்து சைக்கிளை முழுசா கழட்டி, நீங்களே திரும்ப மாட்டிப் பாருங்க. வெளியூர்ல மெக்கானிக்கைத் தேட முடியாது. இடது பெடல் மக்கர் பண்ணும்... ஏன்னு மேலேயே சொல்லிட்டேன்!