அணித்தலைவனும் அரைப்பேரும்

தேயிலைத் தோட்டங்களில் தவறுக்கு நெடுங்காலமாகவே ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட நிறையளவு கொழுந்து கூடையிற் சேராவிடின் அன்றைய உழைப்பு முழுப்பேராகப் பதியப்படாது, அரைப்பேரே விழும். ஈரக் கொழுந்தென்றும் முற்றிய இலையென்றும் தராசடியிலேயே நிறையிற் கழிவு செய்யப்படும். அவள் நின்ற மலை எத்தகையது, முதல்நாள் காய்ச்சலிற் கிடந்தாளா என்பன போன்ற வினாக்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. தவறு காணப்படும்; எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி உரைக்கப்படும்; பின்னர் கழிக்கப்படும். இம்மூன்று செயல்களுமே தலைமை என்று கருதும் மனப்பழக்கம் லயங்களிற் பிறந்து வளர்வோருக்கு அவர்கள் அறியாமலே வாய்த்துவிடுகின்றது. அப்பழக்கம் வேலைக்களத்தோடு நின்றுவிடுவதில்லை. மாலையில் அது உதைபந்தாட்ட மைதானத்துக்கும் வந்து சேர்கின்றது.

மலையகத்திற் சமநிலம் அரிது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் அமைந்தவை. கிடைத்த சமநிலத்தைத் தொழிற்சாலையும் பங்களாவும் முதலிலேயே எடுத்துக்கொண்டன. துரைமாரின் கழகங்களுக்கு றதல்ல, தறவளை முதலிய இடங்களிற் சீரான புல்வெளிகள் வாய்த்தன. தொழிலாளரின் பிள்ளைகளுக்கோ பிரட்டுக்களமும், கோயில் முன்றிலும், தொழிற்சாலையை ஒட்டிய வெளியுமே முதல் மைதானங்களாயின. தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் தேயிலை நிரைகள் பள்ளத்தில் இறங்கும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பகுதிகளை விடாது நனைக்கும். மழை விட்டால் மூடுபனி. இத்தகைய களங்களில் ஆடிப் பழகியவனுக்குப் பந்து வழுக்குவதும், குதிக்க வேண்டிய இடத்திற் குதியாமற் படுத்துவிடுவதும் புதியனவல்ல. ஆகவே தவறு என்பது அவனுக்கு அன்றாட விருந்தாளி. எனினும் அவ்விருந்தாளியை வரவேற்கும் முறையைத்தான் எவரும் கற்பித்ததில்லை.

தோட்டத்து அணிக்கு நகரத்து அணியினின்றும் வேறுபட்ட ஓர் இயல்பு உண்டு. நகரத்தில் ஆட்டம் முடிந்ததும் பதினொருவரும் பதினொரு திசையிற் பிரிவர். தோட்டத்திலோ, மாலையிற் பந்தைத் தவறவிட்டவனும் அதற்காக அவனை வைதவனும் ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் உறங்குகின்றனர். மறுநாட் காலை இருவர் வீட்டுக் குடங்களும் ஒரே பீலியடியில் வரிசையில் நிற்கும். மைதானத்தில் உரைக்கப்பட்ட சொல் இரவே தாயின் செவிக்கு எட்டிவிடும். மேற்கணக்கிலிருந்து அறுவரும் கீழ்க்கணக்கிலிருந்து ஐவருமாகச் சேர்ந்த அணியாயின் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒருவன் செய்த பிழை அவன் கணக்கின் பிழையாகி, தைப்பொங்கல் ஆட்டத்தில் முளைத்த பேச்சுச் சித்திரைப் புத்தாண்டு வரை வாழும். சிலர் இதனாலேயே ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கின்றனர். காலில் திறன் குறைந்து ஒதுங்கியவரைக் காட்டிலும் இவ்வாறு ஒதுங்கியவரே மிகுதி எனல் மிகையாகாது.

ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். ஹட்டன் டன்பார் மைதானத்திற் கல்லூரி அணிகள் இரண்டு மோதுகின்றன. இரண்டாம் பாதியில் தூறலோடு பனியும் இறங்குகின்றது. பின்வரிசையில் நிற்கும் இளையவன் ஒருவன் தன் கோல் காப்பாளனிடம் பந்தைத் திருப்பித் தட்டிவிடுகிறான். காப்பாளன் தன் இடத்தை விட்டு முன்னேறி வந்துவிட்டதை அவன் காணவில்லை. ஆளற்ற இடத்தில் உருண்ட பந்து சொந்த வலைக்குள்ளேயே சென்று சேர்கின்றது. சுற்றி நிற்போர் கூச்சலிடுகின்றனர். அக்கணத்தில் எஞ்சிய ஒன்பது பேரின் கண்களும் அணித்தலைவனையே நாடுகின்றன. அவன் கைகளை விரித்துத் தலையிலடித்துக் கொண்டால் அதுவே தீர்ப்பாகிவிடும். மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். அவன் எவரையும் பாராது நடந்து சென்று வலைக்குள் கிடக்கும் பந்தைத் தானே எடுத்துவந்து, கடந்து போகும்போது, "விடுடா தம்பி. அடுத்த பந்தப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டால், ஆட்டம் மீண்டும் தொடங்கிவிடுகின்றது.

ஆயின், தலைவனின் கடமை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கடினமான பகுதி பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் வருகின்றது. "பின்னால ஏன்டா பாக்கல?" என்று அவன் கேட்கலாம். "என்னடா நடந்துச்சு, சொல்லு" என்றும் கேட்கலாம். முதல் வினாவுக்கு மௌனம் தவிர வேறு விடையில்லை. இரண்டாவதற்கு விடை வரக்கூடும்: "நான் கூப்பிட்டேன் அண்ணே. மழைச் சத்தத்துல அவருக்குக் கேக்கல. நீங்க நடுவுலதான நின்னீங்க, உங்களுக்குக் கேக்கலியா?" தலைவனுக்குக் கேட்டிருந்தது. வேறு எவரையோ அழைக்கின்றான் என்று எண்ணி வாளாவிருந்துவிட்டான். ஒருவன் காலில் நிகழ்ந்ததாகத் தோன்றிய தவறு மூவரிடையே பகிர்ந்து கிடந்தமை அப்போதுதான் வெளிப்படுகின்றது. பனிநாட்களில் நடுவில் நிற்பவன் அழைப்பை வாங்கி மறுகுரல் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த உரையாடலிற் பிறக்கலாம். அரைப்பேர் போடுபவனுக்கு இத்தகைய செய்தி ஒருபோதும் கிட்டுவதில்லை. தண்டிக்கப்படுவோம் என்று அஞ்சுபவன் நடந்ததைச் சொல்வதில்லை.

உலக உதைபந்தாட்ட வரலாற்றில் இதற்குப் பெருஞ் சான்று 1950 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி றியோ நகரின் மரக்கானா அரங்கில் நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் முன்னிலையிற் பிறேசிலும் உருகுவேயும் ஆடின. சமநிலை கிட்டினாலே பிறேசிலுக்குக் கிண்ணம். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே பிறேசில் முதலாவது கோலைப் போட்டது. அப்போது உருகுவேயின் அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்தார். கோல் விதிப்படி செல்லாது என்று நடுவருடன் நீண்ட நேரம் வாதிட்டார். வாதத்தில் வெல்வோம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்க முடியாது. தம் பின்வரிசை ஆட்டக்காரர் தலை நிமிரவும், அரங்கின் ஆரவாரம் அடங்கவும் வேண்டிய நேரத்தை அவர் வாங்கினார். தவறு செய்தவர் எவர் என்று எவரும் தேடுவதற்குள் அனைவரின் பார்வையையும் தம்மேல் ஈர்த்துக்கொண்டார் என்றுஞ் சொல்லலாம். உருகுவே 2 - 1 என்ற கணக்கில் வென்றது.

அதே ஆட்டத்தின் மறுபக்கத்தில் நிற்பவர் பிறேசிலின் கோல் காப்பாளர் பார்போசா. உருகுவேயின் முதலாவது கோலுக்கு வலப்புறமாக ஓடிவந்த கிஜ்ஜியா பந்தை நடுவே கடத்த, ஸ்கியாபினோ அதை வலைக்குட் செலுத்தினார். சிறிது நேரத்தில் கிஜ்ஜியா அதே பாதையில் மீண்டும் வந்தார். இம்முறையும் நடுவே கடத்துவார் என்று கணித்துப் பார்போசா ஓரடி முன்வைத்தார். கிஜ்ஜியாவோ அவருக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த இடுக்கில் நேரே அடித்துவிட்டார். முன்னே நடந்ததிலிருந்து கற்றுக்கொண்ட ஒருவர் செய்யக்கூடிய நியாயமான கணிப்பு அது. எனினும் அதற்காக அந்நாடு அவரை 2000 ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரை மன்னிக்கவில்லை. அவருடன் சேர்த்துப் பழி சுமத்தப்பட்ட பிகோடே, யுவெனால் ஆகிய இருவரும் அவரைப் போலவே கறுப்பினத்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது. பழி எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாயும் போலும். கீழ்க்கணக்குப் பையன்கள் இதனை நூல் படித்து அறிய வேண்டியதில்லை. வெற்றி பெற்ற வரேலா அன்றிரவு றியோவின் மதுச்சாலைகளில், அழுதுகொண்டிருந்த பிறேசில் மக்களோடு அமர்ந்திருந்தார் என்பது அவர் வரலாற்றிற் பலரும் விரும்பிச் சொல்லும் செய்தி.

1994 இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்திற் பந்தைத் தன் வலைக்குள்ளேயே செலுத்திவிட்ட கொலம்பியாவின் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில், யூலை 2 ஆம் திகதி, மெடலின் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய வெறி எங்கும் எப்போதும் வருவதன்று. ஆயினும் அதன் சிறு விதைகள் எல்லா மைதானங்களின் ஓரங்களிலும் கிடக்கின்றன.

உதைபந்தாட்டத்தை விட்டுச் சற்றே விலகினால், மலையகத்துக்கு மிக அண்மையான சான்று ஒன்று கிரிக்கெட்டில் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனான முத்தையா முரளிதரன், 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்பேணில் ஏழு முறை பந்தை எறிந்தார் என்று நடுவர் டரல் ஹெயாராற் குற்றஞ்சாட்டப்பட்டார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைப் பந்துவீச்சிலிருந்து விலக்கி ஒளித்து வைக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றி மீண்டும் பந்துவீசச் செய்தார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் இன்னொரு நடுவர் அவ்வாறே குற்றஞ்சாட்டியபோது, ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். நடுவரோடு அவர் விரல் நீட்டிப் பேசிய முறை கண்டிக்கப்பட்டது. அக்கண்டனம் முற்றிலும் பிழையென்று கொள்வதற்கில்லை. ஆயினும் சிங்களத் தலைவர் ஒருவர், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மலையக வழிவந்த தமிழ் இளைஞர் ஒருவருக்காக உலகத்தின் முன் அவ்வாறு நின்றமை சிறு காரியமன்று. அவ்விளைஞர் 2010 இல் காலியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்றார்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, அணித்தலைவன் எல்லாவற்றையும் மூடிமறைப்பவனாக இருத்தல் வேண்டும் என்று எவரேனும் கொள்வாராயின் அது பெரும் பிழை. தோட்டத்து அணிகளைக் கெடுப்பதில் வசைக்கு அடுத்த இடம் சலுகைக்கே உரியது. தலைவனின் மைத்துனன் மூன்று ஆட்டங்களாகத் தன் இடத்துக்குத் திரும்பாமல் நிற்பான், எவரும் பேசமாட்டார். பயிற்சிக்கு வாராதவன் இரு கோல் போட்டவன் என்பதற்காக மன்னிக்கப்படுவான். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வந்து படிக்கும் மாணவன் கடைசி பஸ்ஸுக்காகப் பயிற்சியின் நடுவே ஓடினாலோ அது ஒழுங்கீனமாகக் கொள்ளப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியத் தலைவன் ஒவ்வொருவனின் வீட்டையும் வழியையும் அறிந்திருத்தல் வேண்டும். எவன் காலையிலேயே விறகு சுமந்துவிட்டு வந்தான், எவன் அண்ணனின் பழைய சப்பாத்தைத் துணி திணித்து அணிந்திருக்கின்றான் என்பதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய அறிவேயாகும்.

வள்ளுவர் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தார். ஆள்பவன் தன் குற்றத்தை முதலில் நீக்கிய பின்னரே பிறர் குற்றத்தைக் காண வேண்டும் என்பது அங்கே வரும் கருத்து. கங்காணிக்கு இந்த நெறி பொருந்துவதற்கு வாய்ப்பில்லை. அவன் கொழுந்து பறிப்பதில்லை. ஆகவே கூடை குறைவதுமில்லை. அணித்தலைவனோ தானும் ஓடுகிறான், தானும் வழுக்குகிறான். தன் தவறைத் தானே முதலில் உரக்கச் சொல்லும் தலைவனின் அணியில் மற்றவர்களுக்கும் அது எளிதாகிவிடுகின்றது.

இந்தப் பண்பைக் கற்க மலையக இளைஞர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கொழுந்தெடுக்க வந்த பெண் தன் நிரையிற் பின்தங்கும்போது, பக்கத்து நிரையில் நிற்கும் அக்காள் ஒருத்தி தன் கைப்பிடிக் கொழுந்தைப் பேச்சோடு பேச்சாக அவள் கூடையிற் போடுவதுண்டு. "இப்படி நுனிய மட்டும் கிள்ளு" என்று அப்போதே காட்டியும் கொடுப்பாள். எவரும் அவளைத் தலைவி என்று அழைப்பதில்லை. பதிவேட்டிலும் அவள் செயல் ஏறுவதில்லை. அணித்தலைவர் பலரின் தாய்மார் அவர்களே.

தோட்டத்திலிருந்து பேராதனைக்கு வரும் மாணவனுக்குப் பல்கலைக்கழக மைதானத்தில் இன்னொரு சோதனை காத்திருக்கின்றது. அங்கே அணி மூவினத்தவரும் கலந்தது. பந்து தவறினால் முதலிற் கேட்பது "கமக் நே மச்சான்" என்ற சிங்களக் குரலாக இருக்கும். பரவாயில்லை என்பதே அதன் பொருள். அவனும் சில நாட்களில் அதையே திருப்பிச் சொல்லப் பழகிவிடுகிறான். தலைமை அவனிடம் வரும் ஆண்டில்தான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. ஆறுதல் சொல்ல இரண்டு சொற்கள் போதும். குறையை எடுத்துரைக்க ஒரு மொழி முழுவதும் வேண்டியிருக்கின்றது. அரைகுறைச் சிங்களத்தில் அவனால் எவரையும் நயமாக வைய முடியாது. கடுஞ்சொல்லும் அவனிடம் இல்லை. ஆகையால் அவன் கேட்கவே நேர்கின்றது. ஆட்டம் முடிந்து உணவுச்சாலையில் தேநீர்க் கோப்பைகளின் முன் அமர்ந்து, மேசைமேல் உப்புச் சாடியையும் சீனிக் கிண்ணத்தையும் ஆட்டக்காரராக நிறுத்தி, நீ இங்கே நின்றாய், நான் அங்கே நின்றேன், பந்து எப்படிப் போயிற்று என்று விரலால் வினவுகிறான். எதிரே இருப்பவன் சீனிக் கிண்ணத்தைச் சற்றே இடப்புறம் நகர்த்தி வைக்கிறான்.