214 கோடியில் நான் தோற்ற கதை

சி புரோகிராமிங் லேப் போனவங்க எல்லாரும் இந்த எண்ணை எங்கேயாவது பார்த்திருப்பீங்க: 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 32 பிட் 'இன்ட்' தாங்கும் மிகப் பெரிய எண். இதனால் எனக்கு மார்க் போன கதையைச் சொல்றேன், கேளுங்க.

முதல் வருட மாடல் பிராக்டிகல். கொடுத்த எண் பகா எண்ணா என்று சோதிக்கும் புரோகிராம் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே படிச்சதுதானே! 2-இல் தொடங்கி, வகுக்கும் எண்ணின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டும் வரை 'லூப்' ஓட்டினேன். 91, 97 எல்லாம் சரியாக வந்தது. மேடம் 2147483647 கொடுக்கச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கர்சர் சிமிட்டியது. பிறகு, 'பகா எண் அல்ல'.

"உறுதியா சொல்றியா?"

"ஆமா மேடம், கம்ப்யூட்டரே சொல்லுதே."

"அப்போ எது வகுத்துச்சு? பிரிண்ட் பண்ணிக் காட்டு."

காட்டினேன். வகுத்த எண் 2147483647. அதே எண்! எனக்கு வேர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். 46341-இன் வர்க்கம் 2147488281. அது 'இன்ட்'டில் அடங்காது. 'இன்ட்'டில் எந்த எண்ணும் 2147483647-ஐத் தாண்டவே முடியாதே, அப்புறம் லூப் எப்படி நிற்கும்? அந்த எண் வரைக்கும் ஓடி, அதையே அதால் வகுத்துவிட்டது.

உண்மையில் இது பகா எண்தான். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் கிடைப்பது. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். பைனரியில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. அது 6, 28 மாதிரி ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வரும்.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31 இருந்தது. ஆனால் அதே பட்டியலில் 67-உம் இருந்தது, அது தப்பு. 31 சரிதான் என்று 1772-இல் நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட முழுசாகப் போயிருந்தது. அவர் கண்ட வழி: இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர வேண்டும். அதனால் 46341-க்குள் அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். கண் தெரியாத மனுஷன் யோசிச்சுக் கண்டுபிடிச்சதை, நான் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னேன்.

திருத்தம் ஒரே வரிதான். வர்க்கம் போடாமல், கொடுத்த எண்ணை வகுக்கும் எண்ணால் வகுத்து ஒப்பிடணும். உங்க பழைய லேப் புரோகிராமை இன்னைக்கு எடுத்து இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்க. "கம்ப்யூட்டரே சொல்லுதே" என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. எது வகுத்துச்சுன்னு முதல்ல பார்க்கிறேன்.