வண்டி இருசும் ஜீப் ஆக்சிலும்

தனுஷ்கோடிக்கு இப்ப காரை விட்டு இறங்காமலே போயிட்டு வந்திடலாம். 2017-க்கு முன்னால அப்படி இல்ல. முகுந்தராயர் சத்திரத்தோட தார் ரோடு முடிஞ்சிரும். அதுக்கு அங்கிட்டு மணல், ஈரச் சேறு, சில நேரம் கடல் தண்ணி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரும் ரயில் பாதையும் போன பிறகு, அம்பது வருஷத்துக்கு மேல அதுதான் நிலைமை. மீன்பிடிக்கிறவங்களும் சரி, ஊர் பார்க்க வர்றவங்களும் சரி, நடக்கணும், இல்லைன்னா அங்க ஓடுற வேன்லயும் ஜீப்புலயும் நெருக்கி உட்காரணும். ராமேஸ்வரத்துல கட்டிக்கொடுத்த எங்க அக்காவோட மகன் அந்த மாதிரி ஒரு ஜீப்தான் வச்சிருந்தான்.

2017 ஜூலை 27-ஆம் தேதி அரிச்சல்முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் ரோட்டைத் திறந்தாங்க. அதே நாள்ல பேக்கரும்புல கலாம் ஐயா நினைவிடமும் திறந்தாச்சு. தீவுக்கே சந்தோஷமான நாள். மாப்ளைக்கு மட்டும் பொழைப்பு போச்சு. நல்ல ரோடு வந்துட்டா நாலு சக்கரமும் இழுக்குற வண்டியை யாரு கூப்பிடுவா? வேப்பமரத்தடியில ஒரு வருஷம் போல நின்னுச்சு. கோழி அடியில குஞ்சு பொரிச்சிருந்தது.

அப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா சூரியநெல்லி பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல ஜீப் வேணும்னு சேதி வந்துச்சு. உரம், ஏலக்காய் மூட்டை, சில நேரம் வேலையாட்கள். பாதை முழுக்கப் பாறை. போடி, கம்பம் பக்கத்து ஜனங்களுக்கு இது புதுசில்ல. விடியுறதுக்கு முன்னாடி எத்தனை ஜீப் மேட்டுல ஏறி தோட்ட வேலைக்கு ஆள் கொண்டு போகுதுன்னு அவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. எங்க சீமைக்காரனுக்குத்தான் மலைன்னா ஆச்சரியம். ராமநாதபுரத்துல மேடுன்னு சொல்லணும்னா கண்மாய்க் கரையைத்தான் காட்டணும்.

"மாமா, மணல்லயே ஓட்டிட்டேன், பாறையில ஓட்ட மாட்டேனா"ன்னான். எங்க ஊர் மெக்கானிக் பாய் ஜீப்புக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு எழுந்திரிச்சு வந்து, "பின் ஆக்சிலை மாத்தாம மலைக்கு அனுப்பாதீங்க"ன்னு என்கிட்டதான் சொன்னார். காசு கொடுக்கப் போறது யாருன்னு அவருக்குத் தெரியும். அந்த வருஷம் முண்டு மிளகாய் ஓரளவு விலை போச்சு.

காசு கொடுக்குறவன் விவரம் கேட்கணும்ல. கேட்டேன். பாய் சொன்னது எனக்கு உடனே விளங்கினதுக்குக் காரணம் எங்க அப்பா வச்சிருந்த கட்டை வண்டி. டவுன்ல இருக்குற உங்களுக்காகக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

மாட்டு வண்டியில இருசு சுத்தாது. வண்டிக்குக் குறுக்கே அசையாம கிடக்கும். அதோட ரெண்டு முனையிலயும் சக்கரத்தோட குடம் மாட்டியிருக்கும், வெளியே வந்துடாம கடையாணி போட்டிருக்கும். சக்கரம் மட்டும்தான் இருசைச் சுத்தி உருளும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு வண்டி மை போடுவோம். ஆக, பாரத்தைச் சுமக்குறது இருசு. இழுக்குறது மாடு. ரெண்டு வேலைக்கும் ரெண்டு ஆள்.

ஜீப்புல மாடு கிடையாது, சக்கரத்தையே திருப்பி விடணும். அதுக்குத்தான் ஹவுசிங் குழாய்க்குள்ள பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ஆக்சில் ராடு. மாப்ள ஜீப்புல இருந்தது செமி ஃப்ளோட்டிங். அதுல ராடோட வெளி முனையிலேயே சக்கரத்தைப் பூட்டியிருப்பாங்க. திருப்புறதும் அந்த ராடு, வண்டி பாரத்தைத் தாங்குறதும் அதே ராடு. முறுக்கும் அது மேல, வளைவும் அது மேல. சாதாரண ரோட்டுக்கு ஒண்ணும் செய்யாது, கார்ல எல்லாம் அப்படித்தான் இருக்கு. ஆனா பாறை மேட்டுல முழு லோடோட ராடு முறிஞ்சா, முறிஞ்ச துண்டோட சக்கரமே வெளியே வந்துடும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, பின்னால ஆள் உட்கார்ந்திருக்கு.

ஃபுல் ஃப்ளோட்டிங் நம்ம மாட்டு வண்டி மாதிரி. ஹவுசிங் குழாயோட முனைதான் இருசு. அது மேல ரெண்டு டேப்பர் பேரிங் போட்டு ஹப் உட்கார்ந்திருக்கும், சக்கரம் ஹப்புல இருக்கும். பாரம் முழுக்கக் குழாய் மேல. ராடு நடுவுல சும்மா நுழைஞ்சு, வெளியே தட்டு மாதிரி இருக்குற முனையில ஹப்போட போல்ட் பண்ணியிருக்கும். அதுக்குத் திருப்புற வேலை மட்டும்தான். ராடு முறிஞ்சாலும் சக்கரம் கழலாது. லாரிக்கெல்லாம் இதுதான். ரெண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்புக்கும் பின்னால இதுதான் இருந்தது. போர் முடிஞ்சு விவசாயிக்குன்னு விட்ட ஜீப்புல சீக்கிரமே செமிக்கு மாத்திட்டாங்க. பட்டாளத்தானுக்கு ஒண்ணு, சம்சாரிக்கு ஒண்ணு! மஹிந்திரா முதல்ல பம்பாயில பூட்டி வித்ததும் அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான்.

சரி, மணல்ல இத்தனை வருஷம் முறியாத ராடு பாறையில மட்டும் ஏன் முறியணும்? மணல் விட்டுக் கொடுக்கும். டயர்ல காத்தைக் குறைச்சுட்டு, வேகம் விடாம போகணும். சக்கரம் வழுக்கினா வழுக்கிட்டுப் போகும், ராடுக்கு அடி இல்ல. பாறை விட்டுக் கொடுக்காது. ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்கிச் சும்மா சுத்திட்டு இருக்கும், திடீர்னு பாறையில பதியும். சுத்திட்டு இருந்த வேகம் அத்தனையும் அந்த ஒரு நொடியில ராடு மேல அடியா விழும். ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டே இருந்தா போச்சு. தனுஷ்கோடி டிரைவருக்கு மிதிக்கிறதுதான் பழக்கம். மாப்ளையைப் பத்தி எனக்கு இருந்த பெரிய கவலையே அந்த வலது கால்தான்.

இன்னொரு விஷயம், பல் கணக்கு. ஹவுசிங் நடுவுல க்ரௌன் வீலும் பினியனும் இருக்கும். க்ரௌன்ல 43 பல், பினியன்ல 8 பல்லுன்னா, பினியன் 5.375 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. 39-க்கு 8-ன்னா 4.875. நாலு சக்கர இழுவை வண்டியில முன்னும் பின்னும் ஒரே கணக்கா இருக்கணும். மாறியிருந்தா முன் சக்கரம் ஒரு வேகத்துல போகப் பார்க்கும், பின் சக்கரம் ஒரு வேகத்துல போகப் பார்க்கும். மணல்ல வழுக்கிச் சமாளிச்சுடும். பாறையில எதையாவது உடைக்கும். மதுரையில பழைய வண்டி உடைக்கிற ஒரு கடையில, அதே கம்பெனியோட கனமான மாடல் ஒண்ணுல இருந்து கழட்டின ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் கிடைச்சது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே"ன்னார். பாய் மூடியைக் கழட்டி, சாக்பீஸால ஒரு பல்லுல கோடு போட்டு, ரெண்டு தடவை எண்ணினார். நானும் ஒரு தடவை எண்ணினேன். 43-ம் 8-ம். எங்க முன் ஆக்சிலும் அதேதான். அதுக்கப்புறம்தான் பணத்தை வெளியே எடுத்தேன்.

மாட்டுறதுக்கு நாலு நாள் ஆச்சு. பட்டை உட்கார்ற இடம் விரல் அளவு தள்ளி இருந்ததால, பழசை வெட்டிட்டுப் புதுசா வெல்டிங் வச்சாங்க. அப்ப பினியன் மூக்கு எந்தச் சாய்மானத்துல நிக்குதுன்னு பார்க்கணும், இல்லைன்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்டோட கிராஸ் சீக்கிரம் தேஞ்சுடும். பேரிங்கும் ஆயில் சீலும் புதுசு, பிரேக் குழாயும் புதுசு. பழைய ஹவுசிங்ல இருந்து வடிச்ச ஆயிலைப் பார்த்தேன், மோர் மாதிரி இருந்துச்சு. ஓடிச் சூடான ஹவுசிங் கடல் தண்ணியில இறங்குனா சட்டுனு குளிரும், உள்ள இருக்குற காத்து சுருங்கி, மூச்சு விடுற சின்னத் துளை வழியா தண்ணியை உறிஞ்சிடும். உப்புத் தண்ணி வேற. புது ஆக்சில்ல அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, பாடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டியாச்சு. நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்ச வேலை. கடற்கரையில ஜீப் வச்சிருக்குறவங்க இதை மட்டுமாவது செய்யுங்க.

சட்டத்தையும் சொல்லணும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. நாங்க கேட்டோம். ரெண்டு தடவை அலைஞ்சோம், ஆனா கேட்டுட்டுத்தான் செஞ்சோம்.

இப்ப டவுன் பசங்க ஜீப் வாங்குனதும் முதல்ல செய்யுறது பெரிய டயர். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டயர் பெருசாகப் பெருசாக அதைத் திருப்ப ராடு அதிகமா முறுக்க வேண்டியிருக்கும். ரிம்மையும் வெளியே தள்ளிப் போட்டா, செமி ஃப்ளோட்டிங் ராடோட முனையில நெம்புகோல் போட்டு அழுத்துற கணக்கு. விளக்கு, கம்பி, கயிறு சுத்துற வின்ச் எல்லாம் வாங்கி மாட்டுறாங்க, அடியில குனிஞ்சு பார்க்குறதில்ல.

போன மாசிக்கு நான் மேல போனேன். மாப்ள கொழுக்குமலைக்கும் கூட்டிட்டுப் போனான். தேனி மாவட்டத்துல இருக்கு, ஆனா ஜீப்புக்குப் பாதை கேரளாவுல சூரியநெல்லியில இருந்துதான். கிட்டத்தட்ட 8000 அடி உயரத்துல தேயிலைத் தோட்டம். பாதைன்னு அதைச் சொல்றது மரியாதைக்காக. உரல் அளவு கல்லு, அதுக்கு மேல அம்மி அளவு கல்லு. மாப்ள முதல் கியர்ல, லோ போட்டு, நடக்குற வேகத்துக்கும் கம்மியா ஏத்துனான். வலது கால் அசையவே இல்ல. நான் அதைத்தான் பார்த்துட்டு வந்தேன், மலையைச் சரியா பார்க்கல.

மேல நிப்பாட்டினதும் அவன் முதல்ல பின் சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை அண்டக் கொடுத்தான். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கியே மாப்ள"ன்னேன். இந்தப் பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல பிடிக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ராடு முறிஞ்சிருந்தா அது பிடிச்சும் பிரயோஜனம் இல்லைன்னான். பாய் சொல்லிக் கொடுத்திருக்கார். அப்புறம் ரெண்டு பின் ஹப்பையும் உள்ளங்கையால தொட்டுப் பார்த்தான். ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா பேரிங் டைட்டா இருக்கு, இல்லைன்னா பிரேக் உரசுதுன்னு அர்த்தம். "ரெண்டும் ஒரே சூடுதான் மாமா, தொட்டுப் பாருங்க"ன்னான். தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிருக்கு இதமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கையை எடுக்கல.